மன்றாடியும் மேய்ச்சலும்: பழையகோட்டைப் பட்டக்காரர் மரபும் காங்கேயம் மாட்டினத்தின் வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

காங்கேயம் மாட்டினம் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியாரின் முயற்சியால் உருப்பெற்றது என்பது கால்நடை அறிவியல் நூல்களில் நிலைபெற்ற கூற்று. இக்கூற்று பொய்யன்று, ஆயினும் முழுமையானதன்று. ஒரு பண்ணையாளரின் வாழ்வையும் அவர்தம் குடும்பத்தின் நிலப்பிடிப்பையும், கொறங்காடு என்னும் மேய்ச்சல் முறை, கவலைப் பாசனம், பருத்திச் சாகுபடி, பண்ணையாள் உழைப்பு ஆகியவற்றோடு இணைத்துப் பார்க்கும்போது அவ்வினத்தின் எழுச்சியும் சரிவும் வேறொரு பொருள் பெறுகின்றன. காங்கேயம் மாடு பழமையின் எச்சம் அன்று, ஒரு காலகட்டத்துச் சந்தை வேளாண்மையின் இழுவிசை என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: காங்கேயம், பழையகோட்டை, கொறங்காடு, கவலை, பட்டக்காரர், பண்ணையாள்

ஒற்றை வரியின் வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் வெளிவந்த இந்தியக் கால்நடைப் பாடநூல்களில் காங்கேயம் இனத்தைப் பற்றிய பகுதியைப் புரட்டுவோர் ஒரு வரியைத் தவறாமல் காண்பர். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியாரின் முயற்சியால் இவ்வினம் மேம்பாடு அடைந்தது என்பது அவ்வரியின் சாரம். அடுத்த வரியிலேயே நூல்கள் மாட்டின் நிறத்திற்கும் திமிலுக்கும் கொம்புக்கும் சென்றுவிடும். ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பு அடைமொழியாகச் சுருங்கி, ஒரு நூலிலிருந்து மற்றொரு நூலுக்குப் பெயர்ந்து வந்திருக்கிறது. அவர் எந்த நிலத்தில் மாடு வளர்த்தார், எதற்காக வளர்த்தார், யாருக்கு விற்றார், யார் மேய்த்தார் என்னும் வினாக்கள் பாடநூலுக்கு உரியவை அல்ல, வரலாற்றுக்கு உரியவை.

காங்கேயம் மாடு ஆங்கிலேய ஆட்சிக்கால எழுத்தில் தனி இனமாக இடம்பெற்றதைச் சில நூல்கள் வழியே தொடரலாம். சென்னை மாகாணக் கால்நடை மருத்துவத் துறையைச் சேர்ந்த கன் எழுதிய தென்னிந்திய மாடுகள் பற்றிய அறிக்கை 1909இல் வெளிவந்தது. ஓசூர்க் கால்நடைப் பண்ணையோடு தொடர்புடைய லிட்டில்வுட்டின் தென்னிந்தியக் கால்நடைகள் என்னும் நூல் 1936இல் வந்தது. ஓல்வர் 1938இலும் வேர் 1942இலும் அனைத்திந்திய அளவில் மாட்டினங்களைத் தொகுத்தனர். 1953இல் உரோமிலிருந்து ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் வெளியிட்ட சோசி, பிலிப்சு ஆகியோரின் நூல் இந்திய, பாகிஸ்தானிய மாட்டினங்களை வகைமைப்படுத்திற்று. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில், தாராபுரம் வட்டத்து உழவர்கள் தம் பேச்சில் மயிலை, காரி, செவலை, பிள்ளை என நிறத்தால் பிரித்தறிந்த மாடுகள் 'காங்கேயம்' என்ற ஒரே பெயரின் கீழ் உலக அட்டவணையில் ஏறின.

இப்பெயரிடலை வெறும் பதிவாகக் கொள்ளலாகாது. இனம் என்று ஒன்றைக் குறிக்க அதற்கென ஒரு தரம் வேண்டும். தரத்தைக் காட்ட ஒரு முன்மாதிரி மந்தை வேண்டும். அதிகாரிகள் தேடிய அத்தகைய மந்தை, ஒரே வேலிக்குள் பல தலைமுறை பேணப்பட்டதாக, பழையகோட்டையில் இருந்தது. பட்டக்காரரின் பெயர் இனத்தின் வரையறையோடு ஒட்டிக்கொண்டதற்கு அவர்தம் திறமை ஒரு காரணம். எழுதியவர்கள் பார்க்கத்தக்க இடத்தில் அம்மந்தை நின்றது என்பது மற்றொரு காரணம். சில மாடுகளே வைத்திருந்த குடியானவர்களின் தொண்டுப்பட்டிகளில் அதே தரத்தில் நின்ற பசுக்கள் எந்த அறிக்கையிலும் பெயர் பெறவில்லை.

மன்றாடி என்னும் சொல்

பழையகோட்டை இன்று திருப்பூர் மாவட்டம் காங்கேயம் வட்டத்தில், நத்தக்காடையூருக்கு அருகில் உள்ள ஊர். முன்னர் கோயம்புத்தூர் மாவட்டத்துத் தாராபுரம் வட்டத்தைச் சேர்ந்திருந்தது. கொங்கு வேளாளருள் பட்டக்காரர் என்னும் தகுதி பெற்ற சில குடும்பங்களில் பழையகோட்டைக் குடும்பம் ஒன்று, சங்கரண்டாம்பாளையம் மற்றொன்று. பட்டக்காரர் என்போர் நிலவுடைமையாளர் மட்டுமல்லர். குல வழக்குகளிலும் கோயில் முதன்மையிலும் நாட்டின் சடங்குகளிலும் அவர்களுக்கு இடம் உண்டு. 1964 முதல் 1966 வரை காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கிக் களப்பணி செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1972இல் வெளியிட்ட நூலில் இம்முறைமையைக் கொங்குச் சமூகக் கட்டமைப்பின் பகுதியாகவே விளக்குகிறார்.

'சர்க்கரை' என்னும் பெயர் கொங்கு இலக்கிய மரபில் பழமையானது. கார்மேகக் கவிஞரின் கொங்கு மண்டல சதகம் ஆணூர்ச் சர்க்கரையைப் புலவர் போற்றிய வள்ளலாக நினைவுகூர்கிறது. 'மன்றாடியார்' என்பதோ வேறொரு திசையில் சிந்திக்க வைக்கும் சொல். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் விளக்கெரிக்கச் சாவா மூவாப் பேராடுகளை ஏற்று, நெய் அளக்கக் கடமைப்பட்ட இடையர்கள் 'மன்றாடி' எனக் குறிக்கப்படுகின்றனர். 'மன்றாடுதல்' மன்றத்தில் வழக்குரைத்தலையும் முறையிடுதலையும் குறிக்கும். பட்டக்காரர் பட்டப்பெயரில் இவற்றுள் எப்பொருள் பொதிந்துள்ளது என்பதைச் சொல்லின் வடிவம் மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது. நீதி வழங்கும் தகுதியைக் குறித்தது எனக் கொள்வதே பட்டக்காரர் பணியோடு பொருந்துகிறது. எனினும், கால்நடையைக் காப்பவனையும் மன்றத்தில் நிற்பவனையும் ஒரே சொல்லால் அழைத்த மொழியில், மாட்டால் பெயர்பெற்ற ஒரு குடும்பம் இப்பட்டத்தைத் தாங்கியிருப்பது கவனத்தை ஈர்க்கிறது. கொங்கரை ஆக்களோடு இணைத்துப் பேசும் வழக்கம் பதிற்றுப்பத்திலேயே உண்டு என்பதும் இங்கு நினையத்தக்கது. இவ்விரண்டையும் கோத்து, சங்க காலம் தொட்டு அறுபடாத ஆநிரை மரபு ஒன்றைக் கட்டியெழுப்பும் ஆர்வம் அண்மைக்கால எழுத்துகளில் மிகுந்து வருகிறது. சான்று அவ்வளவு தொலைவு தாங்காது. கொங்கு நாட்டில் மாடு என்றும் இருந்தது. இன்று காங்கேயம் என அறியப்படும் மாடு அதே மாடுதான் எனச் சொல்ல அவ்வளவு போதாது. கால்நடை அறிஞர்கள் இதனை மைசூர் வகை மாடுகளோடு சேர்த்து, ஓங்கோல் கலப்பின் சாயலும் உண்டு எனக் கருதியிருப்பது, இனங்கள் வழிப்பயணங்களாலும் சந்தைகளாலும் உருவாகின்றன என்பதையே காட்டுகிறது.

வேலி கட்டிய மேய்ச்சல்

காங்கேயம் மாட்டைப் புரிந்துகொள்ள முதலில் புரிந்துகொள்ள வேண்டியது கொறங்காடு. தமிழகத்தின் பிற மாட்டினங்களோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை விளங்கும். பர்கூர் மாடு மலைக்காட்டில் மேய்வது. உம்பளாச்சேரி மாடு காவிரிக் கடைமடையின் அறுவடைத் தாளையும் கடலோரப் புல்லையும் நம்பியது. புலிக்குளம் மாடு கிடைபோட்டு ஊர் ஊராக நகர்வது. இவை மூன்றும் பொதுநிலத்தையோ பிறர் நிலத்தையோ சார்ந்தவை. காங்கேயம் மாடு மட்டும் தனியார் பட்டா நிலத்தில், வேலிக்குள், மேய்ச்சலுக்கென்றே ஒதுக்கப்பட்ட காட்டில் வளர்ந்தது.

மழை குறைந்த, சரளை கலந்த மண். வேளாண்மை செய்தால் சோளமோ கம்போ ஒருவாறு விளையலாம், விளையாமலும் போகலாம். அந்நிலத்தைப் புல்லுக்கு விட்டுவிடுவதே கொறங்காட்டின் தத்துவம். கொழுக்கட்டைப் புல் அதன் முதன்மைத் தாவரம். வறட்சியில் காய்ந்து கட்டையாகி நின்று, ஒரு மழை கண்டதும் தளிர்ப்பது அதன் இயல்பு. இடையிடையே வெள்வேல மரங்கள் நிற்கும். கோடையில் புல் தீர்ந்தபின் அம்மரங்களின் நெற்றுகள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் உணவாகும், நிழலும் அவற்றினடியில்தான். சுற்றிலும் முள்கிளுவை வேலி. கிளுவைப் போத்துகளை நட்டு வளர்க்கும் இவ்வுயிர்வேலி, ஒருமுறை நிலைபெற்றால் தலைமுறை தாண்டி நிற்கும். காட்டுக்குள் நுழையும் வழியான கடவைப் படல் கொண்டு அடைத்துவிட்டால், மந்தைக்கு இரவு பகலாக ஆள் காவல் தேவையில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது, தானியம் விதைத்து, மீண்டும் புல்லுக்கு விடுவதும் உண்டு.

இம்முறையை ஆராய்ந்த மதுரைச் சேவா நிறுவனத்தின் விவேகானந்தன் போன்றோர் அதன் சூழலியல் சிறப்பை வலியுறுத்தியுள்ளனர். வரலாற்று நோக்கில் வேறொன்றும் சொல்லவேண்டும். கிளுவை வேலி மாட்டை உள்ளே வைக்கிறது. அதே வேலி பிறர் மாட்டை வெளியே வைக்கிறது. இன மேம்பாட்டிற்கு இவ்விரண்டாவது பணியே இன்றியமையாதது. பொது மேய்ச்சல் நிலத்தில் எந்தப் பசு எந்தக் காளையோடு சேரும் என்பதை எவரும் தீர்மானிக்க முடியாது. வேலிக்குள் தேர்ந்தெடுத்த பூச்சிக்காளையை விட்டு, பிற ஆண்கன்றுகளை உரிய பருவத்தில் காயடித்துவிடலாம். நூல்கள் புகழும் தேர்வுமுறை இனப்பெருக்கம் கொங்கில் ஆய்வுக்கூடத்தில் தோன்றவில்லை. கிளுவை வேலியில் தோன்றியது. அவ்வேலிக்குப் பின்னால் ஒரு பட்டா இருந்தது.

பெரிய பரப்பில் இதைச் செய்வதற்கு நிலம் சிதறாமல் இருக்க வேண்டும். கொங்கு வேளாளர் குடும்பங்களில் நிலம் மகன்களுக்குள் பங்கு பிரிவது வழக்கு. கிணறும் தோட்டமும் காடும் பங்காகி, சில தலைமுறைகளில் வேலிகளின் எண்ணிக்கை கூடும், வேலிக்குள் பரப்பு குறையும். பட்டமோ பங்கு போடத் தக்கதன்று. அது ஒருவரிடம் ஒருவராய் இறங்கி வருவது. பிரியும் நிலத்திற்கும் பிரியாத பட்டத்திற்கும் இடையிலான இழுபறியில், பட்டத்துக்குரிய குடும்பம் தன் மந்தையைக் குலச்சொத்தாகக் கருதிப் பேணியது இயல்பே. பட்டக்காரரின் குடும்பப் பற்றையும் மாட்டுப் பற்றையும் இரு வேறு குணங்களாகப் புகழ்வோர் இவ்விணைப்பைக் காணத் தவறுகின்றனர். மந்தையின் மரபுத் தொடர்ச்சி குடும்பத்தின் மரபுத் தொடர்ச்சியை நம்பியிருந்தது.

எருதும் கிணறும் பருத்தியும்

காங்கேயம் மாடு எதற்காக வளர்க்கப்பட்டது? பாலுக்காக அன்று. ஒரு கறவைக் காலத்தில் சராசரியாக ஏறத்தாழ 540 கிலோ பால் மட்டுமே தரும் பசுவை எவரும் பால்மாடு எனக் கொள்ளார். வீட்டுக்கு மோரும் நெய்யும் ஆனால் போதும் என்பதே வளர்த்தோரின் எதிர்பார்ப்பு. விற்பனைப் பொருள் எருது.

கொங்கு வறண்ட நாடு. ஆனால் கிணறு வெட்டிய நாடு. பாறையைக் குடைந்து இறங்கிய கிணறுகளிலிருந்து நீரிறைத்த கருவி கவலை. பிற பகுதிகளில் கமலை என்பர். சரிவான பாதையில் இரு எருதுகள் கீழ்நோக்கி நடக்கும்போது வடம் இழுபட்டுச் சால் மேலேறும். நீர் கொட்டியதும் அவை பின்னோக்கி மேடேற, சால் மீண்டும் கிணற்றில் இறங்கும். முன்னோக்கி இழுக்கும் வலிமை மட்டும் போதாது. கழுத்தில் நுகத்தோடு, பின்கால் வைத்து மேடேறும் பழக்கமும், வெயிலில் நாள்முழுவதும் இதையே செய்யும் பொறுமையும் வேண்டும். குறுகிய உடல், உறுதியான கால், கெட்டியான குளம்பு, குறைந்த தீனியில் நிலைக்கும் இயல்பு எனக் காங்கேயம் எருதின் இலக்கணமாக நூல்கள் அடுக்கும் பண்புகள் பெரும்பாலும் கவலைப் பாதையின் தேவைகளே. கன்று சிவப்பாகப் பிறந்து ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பல் நிறம் அடைவதும், காளையின் திமிலிலும் முன்பின் பகுதிகளிலும் கருமை ஏறுவதும், காயடித்தபின் அக்கருமை வெளிறுவதும் கண்ணுக்கு அழகு. விலை பேசுவோர் கண்ணோடு காலையும் பார்த்தனர்.

இந்தக் கிணற்று நிலங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. கம்போடியாப் பருத்தி என்னும் நீண்ட இழைப் பருத்தி சென்னை மாகாணத்தில் அறிமுகமாகி, கோயம்புத்தூர்ப் பகுதியின் இறவைத் தோட்டங்களில் பரவியது. மானாவாரிப் பருத்தியைப் போலன்றி இது நீர் கேட்கும் பயிர். பருத்தி பெருகக் கிணறுகள் பெருகின; கிணறுகள் பெருக எருதுகளின் தேவை பெருகிற்று. கோயம்புத்தூரின் நூற்பாலைகளும் திருப்பூரின் பருத்திச் சந்தையும் இதே காலத்தில் வளர்ந்தவை. கிறிஸ்டோபர் பேக்கர் தமிழக நாட்டுப்புறப் பொருளாதாரம் பற்றிய தம் 1984ஆம் ஆண்டு நூலில் கொங்கின் கிணற்று வேளாண்மையைச் சந்தையை நோக்கிய முதலீடாகவே காண்கிறார். அந்த வரைபடத்தில் கொறங்காட்டையும் சேர்த்துப் பார்த்தால் சங்கிலி நிறைவுறும்: புன்செய் மேய்ச்சல் எருதை ஈன்றது, எருது தோட்டத்துக்கு நீர் இறைத்தது, தோட்டம் பருத்தி தந்தது, பருத்தி ஆலைக்குச் சென்றது.

நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியாரின் பண்ணையை இச்சங்கிலியின் தொடக்கக் கண்ணியில் வைத்து நோக்கவேண்டும். மாகாணத்தின் மிக விரைவாக வணிகமயமான வேளாண் வட்டாரத்துக்கு இழுவிசை வழங்கிய பண்ணை அது. மரபின் காவலர் என்ற புகழுரை அவருக்குப் பொருந்தாமல் இல்லை. எனினும், இன்றைய சொல்லில், தரம் பிரித்து இயந்திரம் விற்ற உற்பத்தியாளர் என்பது அவர்தம் பணியின் பொருளியல் வடிவத்தை இன்னும் கூர்மையாகக் காட்டும். கண்ணபுரம் மாரியம்மன் திருவிழாவையொட்டிய மாட்டுத் தாவணியும் அந்தியூர்க் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையும் அவ்வுற்பத்தி கைமாறிய களங்கள். பக்தியும் பேரமும் ஒரே பந்தலில் நடந்தன.

மேய்த்தவர்

கிளுவை வேலி காவலாளைக் குறைத்தது, ஆளை நீக்கவில்லை. மாட்டைப் பட்டிக்கு ஓட்டுவதும், கன்று ஈனும் பசுவைக் காப்பதும், சாணம் அள்ளுவதும், தண்ணீர் காட்டுவதும், எருதைக் கவலைக்குப் பழக்குவதும் யாரோ செய்த பணிகள். கொங்கு வட்டாரத்தில் அவற்றைப் பெரிதும் செய்தோர் அருந்ததியர். ஆண்டுக் கணக்கில் பேசிவிடப்பட்ட பண்ணையாள் முறையும், முன்பணத்தால் பிணைக்கப்பட்ட குடும்ப உழைப்பும் இவ்வட்டாரம் முழுவதற்கும் பொதுவாக இருந்தவை. கோயம்புத்தூர் மாவட்டச் சிற்றூர்களைப் பல பதிற்றாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த ஜூடித் ஹேயரின் ஆய்வுகள் அப்பிணைப்பின் பொருளியலை விரிவாகக் காட்டுகின்றன. இதே உலகத்தின் உள்ளிருந்து எழுந்த படைப்பு, பெருமாள்முருகனின் கூளமாதாரி (2000). அதன் களம் திருச்செங்கோட்டுப் பகுதி, அதில் மேய்வன ஆடுகள். எனினும் கொங்குப் பண்ணையில் மேய்ச்சற் சிறுவன் ஒருவனின் பகல் எவ்வாறு கழிந்தது என்பதை அறிய அதனினும் சிறந்த ஆவணம் அரிது.

எருதோடு அருந்ததியருக்கு இருந்த உறவு மேய்ச்சலோடு முடியவில்லை. கவலையின் தோல் உறுப்புகளைச் செய்து, தைத்து, செப்பனிட்டு வந்தவர்களும் அவர்களே. உயிரோடு இருந்த மாடு கிணற்று மேட்டில் இழுத்தது. இறந்த மாட்டின் தோல் அதே கிணற்றுக்குள் நீர் முகந்தது. இரு நிலையிலும் அதனைக் கையாண்டவர் ஒருவரே. மாட்டின் சுழி, நடை, நோய், ஈற்று ஆகியன பற்றிய நுண்ணறிவின் பெரும்பகுதி இம்மக்களிடம் இருந்தது எனக் கொள்வதில் தடையில்லை. காளையைத் தேர்ந்த முடிவு நிலவுடைமையாளருடையது. அம்முடிவுக்கு வேண்டிய அன்றாடக் கவனிப்பு மேய்த்தவருடையது. இன வரலாற்றில் முதலாமவர் பெயர் பெற்றார். இரண்டாமவர் 'மாட்டுக்காரன்' என்ற பொதுச்சொல்லாக நின்றுவிட்டார். வேளாளக் குடும்பங்களின் பெண்கள் நிலையும் இதிலிருந்து வெகுதொலைவில் இல்லை: வீட்டு வாசலில் கட்டிய பசுவும் கன்றும் அவர்கள் பொறுப்பு, தாவணியில் கயிறு கைமாறும்போது அவர்கள் அங்கு இல்லை.

பட்டக்காரரின் பங்களிப்பைக் குறைப்பதற்காக இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மாட்டினத்தின் உருவாக்கத்தில் நிலம், முதல், அறிவு, உழைப்பு நான்கும் வேண்டும். அவை நான்கும் ஒரே கையில் இருந்ததில்லை.

இயந்திரம் வந்தபின்

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோயம்புத்தூர் ஆலைகளை ஓட்டிய அம்மின்சாரம் படிப்படியாகக் கிணறுகளையும் எட்டிற்று. எண்ணெய் இயந்திரங்களும் மின்மோட்டார்களும் வந்த கிணற்றில் கவலை தேவையற்றதாயிற்று. கவலை போனதும் அதற்கென வைத்திருந்த எருது இணையும் போயிற்று. கீழ்பவானித் திட்டம் (1948–1955) காங்கேயம் வட்டாரத்தின் ஒரு பகுதிக்கு வாய்க்கால் நீர் கொணர்ந்தது. பின்னர் பரம்பிக்குளம்–ஆழியாறு நீரும் சில பகுதிகளுக்கு வந்தது. நீர் எட்டிய கொறங்காடு தோட்டமாயிற்று. எருதுக்குத் தேவையும் குறைந்து, அதை ஈன்ற காடும் குறைந்தது. டிராக்டரும் லாரியும் எஞ்சிய பணிகளை எடுத்துக்கொண்டன.

காங்கேயம் மாட்டின் சரிவுக்கு அயலினக் கலப்பே காரணம் என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். 1970இல் தொடங்கிய வெண்மைப் பெருக்குத் திட்டமும் ஜெர்சிக் கலப்பினப் பசுக்களும் கொங்கில் ஆழமாக வேரூன்றியது உண்மை. ஆனால் கால வரிசை கவனத்திற்குரியது. கலப்பினப் பசு வந்து காங்கேயத்தைத் துரத்தவில்லை. மோட்டார் ஏற்கனவே வெறுமையாக்கிய தொழுவத்திற்குள் அது நுழைந்தது. கவலை ஓய்ந்த பின், எருது விற்ற பணம் நின்றுபோன சிறு குடியானவருக்கு, நாள்தோறும் இருவேளை கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றிக் காசாக்கத்தக்க பால் வந்தது. அவர் கணக்கில் பிழை ஏதும் இல்லை. அயலின எதிர்ப்பை முன்வைப்போர் இக்கணக்கைப் பொருட்படுத்தாமல் அவரைக் குற்றவாளியாக்குவது முறையன்று.

நிலச் சட்டங்களும் இதே காலத்தில் வந்தன. 1961ஆம் ஆண்டின் தமிழக நிலச் சீர்திருத்தச் சட்டம் ஐவர் கொண்ட குடும்பத்திற்கு 30 தர ஏக்கர் என உச்சவரம்பு விதித்தது. 1970இல் அது 15 தர ஏக்கராகக் குறைந்தது. புன்செய் நிலத்திற்குத் தர ஏக்கர்க் கணக்கு தாராளமானது என்பதால் சிறு, நடுத்தரக் கொறங்காடுகளை அது நேரடியாகத் தொடவில்லை. பெரும் பண்ணைகளின் பரப்பையும் மந்தையையும் ஒருசேரப் பேணும் பழைய நிலை மட்டும் இனி எளிதாக இல்லை. உழுபவனுக்கு நிலம் என்னும் நியாயமும் ஒரு மாட்டினத்தைக் காக்கப் பரந்த வேலி வேண்டும் என்னும் தேவையும் ஒன்றோடொன்று பொருந்தாதவை. இம்முரணைச் சட்டமியற்றியோர் எதிர்கொண்ட முறையைவிட, அது முரணாகவே உணரப்படாமல் போனதுதான் வியப்பு.

உபெராபாவில் ஒரு பெயர்

காங்கேயத்தின் நிலையை வேறொரு நாட்டோடு ஒப்பிட்டால் நிலமும் குடும்பமும் இனமும் பிணையும் விதம் மேலும் தெளிவாகும். சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியின் ஓங்கோல் மாடு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரேசிலுக்குக் கப்பலேறி, மாவட்டத்தின் பெயராலேயே 'நெலோரே' என வழங்கலாயிற்று; இன்று அந்நாட்டு இறைச்சி மாடுகளின் பெரும்பகுதி அவ்வழியே. அதை வளர்த்தோர் பரந்த நிலமும் பெருங்குடும்பமும் கொண்ட கத்தோலிக்கப் பண்ணையாளர்கள். குடும்பப் பெயரும் பண்ணைப் பெயரும் காளையின் வம்சப் பெயரும் ஒன்றோடொன்று கலந்து வழங்குவது அங்கு வழக்கம். உபெராபா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பிரேசில் செபு மாடு வளர்ப்போர் சங்கம் ஏற்றுப் பதிவுசெய்யும் இனங்களின் பட்டியலில் காங்கேயமும் 'கங்காயன்' என்னும் பெயரில் இடம்பெற்றுள்ளது. ஆனால் நெல்லூர் மாடு பெருகியதுபோல் அது பெருகவில்லை. கவலை இழுக்கத் தேர்ந்தெடுத்த உடலுக்கு இறைச்சிச் சந்தையில் முதலிடம் இல்லை. பிரேசிலில் பயன் மாறியும் இனம் வாழ்ந்தது, ஏனெனில் அங்கு மாட்டுக்குப் புதிய சந்தை கிடைத்தது. கொங்கில் பயன் போனபின் அவ்விடத்தை நிரப்பச் சந்தை எதுவும் வரவில்லை; பற்று மட்டும் எஞ்சியது.

பற்றின் அரசியல்

அப்பற்று அண்மைக் காலத்தில் புது வடிவம் பெற்றது. குட்டப்பாளையத்தில் கார்த்திகேய சிவசேனாபதி நிறுவிய சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி அறக்கட்டளை, இனக் காப்பையும் கொறங்காட்டுக் காப்பையும் ஒரே பணியாக முன்னிறுத்தியது. பழையகோட்டையில் ஞாயிறுதோறும் கூடும் மாட்டுத் தாவணி காங்கேயம் மாடுகளுக்கென்றே நடைபெறுகிறது. 2014 மே 7ஆம் நாள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், 2017 சனவரியில் மெரினாவில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய போராட்டமும் நாட்டுமாட்டை அடையாள அரசியலின் நடுவே கொண்டுவந்தன. அப்போது சுவர்களிலும் சட்டைகளிலும் அச்சிடப்பட்ட காளை பலவிடங்களில் கருந்திமில் கொண்ட காங்கேயக் காளை. வாடிவாசலுக்குப் பெயர்போனது புலிக்குளம் காளை. காங்கேயம் பெரிதும் ரேக்ளா வண்டியிலும் ஏரிலும் கவலையிலும் பூட்டப்பட்டது. மதுரையின் விளையாட்டுக்குக் கொங்கின் உழைப்பு மாடு முகமானது சின்னங்களின் வரலாற்றில் தனியே ஆராயத்தக்க செய்தி.

சின்னமாக வாழும் மாட்டிற்கும் சந்தையில் வாழும் மாட்டிற்கும் இடைவெளி உண்டு. இன்று ஞாயிற்றுத் தாவணியில் நல்ல மயிலைப் பசுவுக்கும் சோடிக் காளைக்கும் விலை கிடைக்கிறது. வாங்குவோரில் நாட்டுப்பால் விரும்பும் நகரத்தாரும், இயற்கை வேளாண்மைக்குச் சாணமும் கோமியமும் நாடுவோரும், வீட்டுப் பெருமைக்கு வளர்ப்போரும் உளர். எருதுக்காக எருது வாங்குவோர் குறைவு. தேவை மாறினால் தேர்வும் மாறும்: காலும் குளம்பும் பார்த்த கண்கள் இனி நிறத்தையும் திமிலையும் கொம்பின் வளைவையும் மட்டும் பார்க்கத் தொடங்கினால், பெயர் அதுவாகவே இருக்க, மாடு வேறொன்றாகிவிடக்கூடும். வேலிக்குள் நிகழ்ந்த பழைய தேர்வு கிணற்று மேட்டில் சோதிக்கப்பட்டது. இப்போதைய தேர்வுக்கு அத்தகைய சோதனைக்களம் இல்லை.

கொறங்காட்டின் நிலை இதனினும் இக்கட்டானது. மாடில்லாதோர் தம் காட்டை ஆண்டுக் குத்தகைக்கு விடும் பழைய வழக்கம் இன்னும் தொடர்கிறது. குத்தகைக்கு எடுப்போர் பலர் செம்மறியாடு வளர்ப்போர். காங்கேயம் நகரைச் சுற்றித் தேங்காய்க் களங்களும் எண்ணெய் ஆலைகளும் அரிசி ஆலைகளும் பெருகியுள்ளன. தாராபுரம் சாலையில் காற்றாலைகள் நிற்கின்றன. திருப்பூரின் பின்னலாடைத் தொழில் ஆட்களை ஈர்ப்பதால், மேய்ச்சலுக்கும் வேலி பேணுவதற்கும் ஆள் கிடைப்பதில்லை என்பது காட்டுக்காரர்கள் பலர் கூறும் குறை. பண்ணையாளாகப் பிணைக்கப்பட்டிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஆலைக் கூலிக்குச் செல்வதை அக்குடும்பங்களின் கோணத்திலிருந்து குறை எனச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. கிளுவை போத்து நடாமல் வேலியில் விழுந்த இடைவெளிகளைப் பல காடுகளில் இன்று கம்பிவேலி அடைக்கிறது. வெள்வேல மரம் விறகுக்கும் மரப்பொருளுக்கும் விலைபோகிறது. கொழுக்கட்டைப் புல்லுக்கு விலை இல்லை, புல் மேய்ந்த மாட்டுக்கே விலை.